கை வைத்த இடம் தவிர

“பெல்ட்டா இருக்காது,” என்றார் அத்தான்.

சின்னவள் பெல்ட் என்ற பேச்சையே எடுத்திருக்கவில்லை. கார் ஷெட் வாசலில் அவருடைய டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன் அத்தான் வண்டி இப்படி உதறுது?” என்று மட்டும்தான் கேட்டிருந்தாள்.

“உதறலம்மா. செட்டாகுது. பெல்ட் புதுசு இல்லையா, ரெண்டு நாள் ஓடினா அடங்கிடும்.”

“காலைல நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி உதறலையே.”

“உதறியிருக்கும். பழகிப்போனதால நமக்குத் தெரிஞ்சிருக்காது.”

அந்த நேரம் பார்த்து என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. அத்தான் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“கடைசியா நீயும் உங்க அக்காவும் பெட்ரோல் எங்க போட்டீங்க?”

“எப்பவும் போடற இடத்துலதான்.”

“அதான் பாத்தேன்.”

“இல்ல அத்தான், அந்த வண்டிப் புத்தகத்துல ஒண்ணு போட்டிருந்துதே. பெல்ட் மாட்டினப்புறம் கையால என்ஜினை ரெண்டு முழுச் சுத்து சுத்திட்டு, குறியெல்லாம் மறுபடி நேரா வந்து நிக்குதான்னு பாக்கணும்னு…”

“அது சந்தேகப் பிராணிங்களுக்கு எழுதி வெச்சதும்மா. முதல் தடவையே சரியா மாட்டறவன் எதுக்கு ரெண்டாவது தடவை பாக்கணும்? டீல சர்க்கரை கம்மியா இருக்கு.”

அரை மணிக்கு முன்பு சமையலறையில் அந்த டீயைக் கலக்கிவிட்டுக் குடிக்க மறந்து வந்தவர் அவரேதான். அவள் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள், அவ்வளவே.

வாசகர்களே, இந்த இனத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ‘கை வைத்தவர்’ என்று சொல்லிக்கொள்வோம். ஒன்றைப் பிரித்துப் பூட்டிய பிறகு அது கோளாறு செய்தால், தான் தொட்ட இடத்தை மட்டும் நாகரிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு மிச்ச உலகம் முழுவதையும் சோதனை போடுபவர் எவரோ, அவரே கை வைத்தவர். அலுவலகத்தில் இவர் கோப்பைத் திருத்திய பிறகு கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிடும். சமையலறையில் இவர் உப்புப் போட்ட பிறகு தக்காளியின் ரகம் மாறிவிட்டிருக்கும். இவர் முடி வெட்டிவிட்ட குழந்தைக்குத் தலை கோணலாக இருக்கும். இவர் பொய் சொல்வதில்லை. அதுதான் தொல்லை. மனதார நம்புகிறார்.

நம் அத்தான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். பதினெட்டு வருடமாக ஊர்க்காரர்களை இருட்டறையில் உட்கார வைத்து, ஒரு வில்லையை மாற்றி இன்னொரு வில்லையைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர்கள் கிட்டத்து எழுத்து தெரியவில்லை என்று கூச்சத்துடன் வந்து நின்றால், “இதுல வெக்கப்பட என்ன இருக்கு, எல்லாருக்கும் வர்றதுதான்,” என்று தோளைத் தட்டிக்கொடுப்பார். அவருக்கு வயது நாற்பத்தேழு. எல்லாருக்கும் வருவது அவருக்கு வரவில்லை. செய்தித்தாளைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, இரட்டைத் தாடை விழ வாசிப்பார். இப்போதெல்லாம் மை சரியில்லையாம்.

அவருடைய மனைவி, அதாவது அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய தங்கைதான் சின்னவள். அந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். மனதில் ஒரு வார்த்தை உருவானால் அது நாக்குக்கு வந்து சேர மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் சுபாவம். ஆனால் வேலை கிடைத்திருந்தது. காது கேட்கும் கருவி விற்கும் நிறுவனமொன்றில், வீடு வீடாகப் போய் வயதானவர்களின் கருவிகளைச் சுத்தம் செய்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரும் வேலை. பேசுவதை விடக் கேட்பது அதிகம் என்பதால் அவளுக்காகவே செய்து வைத்ததுபோல இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமம். ஒரு முறை தேர்வுக்குப் போய், பின்னால் எடுத்து நிறுத்துவதில் கோட்டைவிட்டிருந்தாள். அடுத்த தேதி வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சொந்த வண்டியோடு வர வேண்டும். இதுவும் போனால் இன்னொரு தேதிக்கு ஆறு வாரம்; அத்தனை நாள் அந்த நாற்காலி காலியாக இருக்காது.

இந்த நிலைமையில்தான், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று வண்டியின் புத்தகம் சொல்ல, அத்தானும் அதற்குச் செவிசாய்த்தார்.

டைமிங் பெல்ட் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. என்ஜினில் கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். கீழ்ச் சக்கரம் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும். மேல் சக்கரம் சுற்றினால் காற்று வந்து போகும் கதவுகள் திறந்து மூடும். இரண்டும் தாளம் தப்பாமல் சுற்றுவதற்காக, உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும். இரண்டு சக்கரத்திலும் குறி இருக்கிறது. குறி நேராக இருக்கும்போது பட்டையை மாட்ட வேண்டும். ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கதவு திறக்கிற நேரத்தில் திறக்காது. வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் மனமில்லாமல் ஓடும், நின்றால் அணைந்துபோகும்.

“நாலு மூடி, இருபது போல்ட்டு. இதுக்கு ஒரு பட்டறைக்காரன் வேற வேணுமா?” என்று அத்தான் ஆரம்பித்தார். ஏழு வீடியோ பார்த்திருந்தார். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை வாசித்து வரிக்கு வரி தமிழில் சொல்லும் வேலை சின்னவளுக்கு. இரண்டு மொழியும் படித்தவள் என்பதால் தன்னைக் கூப்பிட்டார் என்றே அவள் நினைத்துக்கொண்டாள். அத்தானுக்கும் ஆங்கிலம் நன்றாகவே வரும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. வந்தும் என்ன, புத்தகத்தின் எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது.

ஷெட்டின் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளி. அங்கே போய் நின்றுகொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்து, தாடையை மார்போடு சேர்த்து, கண்ணை இடுக்கி, மேல் சக்கரத்தின் குறியைப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. பக்கத்தில் போனால்தான் தெரியாதே. “நேரா இருக்கு,” என்றார். பெல்ட் ஏறியது. மூடி ஏறியது. கையைத் துடைத்துக்கொண்டு, “மனுஷன் செஞ்சதுதானே இதெல்லாம்,” என்றார்.

அதன் பிறகுதான் நாம் தொடக்கத்தில் கேட்ட பேச்சு.

திங்கட்கிழமை பெட்ரோல் குற்றவாளி. டாங்கிலிருந்த பெட்ரோல் முழுவதும் வாளிக்கு மாறி, வேறு பங்க்கிலிருந்து வேறு பெட்ரோல் வந்தது. வண்டி அதையும் குடித்துவிட்டு உதறியது. அன்றைக்கே மாலையில் பிளக் நான்கும் மாறின. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பழைய பிளக்கே தேவலை என்று திரும்ப மாட்டப்பட்டன. செவ்வாய்க்கிழமை ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்து, அதனுள் இருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். “பாத்தியா?” ஓர் இலை. அதை ஜன்னல் விளிம்பில் சாட்சிப் பொருளாக இரண்டு நாள் வைத்திருந்தார். அதற்குப் பிறகு சென்சார் என்று ஒன்று, அதற்குப் போகும் ஒயர் என்று ஒன்று, அந்த ஒயரைக் கடித்திருக்கக்கூடிய எலி என்று ஒன்று. எலியை யாரும் பார்த்ததில்லை. இருந்தும் பொறி வைக்கப்பட்டது. வண்டியை முதலில் வைத்திருந்தவர் எப்படி ஓட்டினாரோ என்றார். புதன்கிழமை காற்றில் ஈரம் அதிகம் என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டு, “என்னங்க, தெருக்கோடிப் பட்டறையில ஒரு தரம் காட்டிடலாமே,” என்று சொல்லிப் பார்த்தாள் அக்கா.

“காட்டலாம். அவன் என்ன செய்வான் தெரியுமா? முதல் வேலையா பெல்ட்டத்தான் பிரிப்பான்.”

“பிரிக்கட்டுமே.”

“நல்லா இருக்கறதப் பிரிச்சு வீணாக்கறதுக்கு நான் அவன்கிட்ட போகணுமா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?  நோயாளிக்கு ஊசி போடும் நேரமாகிவிட்டது என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை, அத்தான் பக்கத்தில் உட்கார, கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் சின்னவள் ஓட்டிப் பழகினாள். நிறுத்தினாள், வண்டி அணைந்தது. கிளப்பிப் போய் நிறுத்தினாள், அணைந்தது. நான்காவது முறை அணைந்தபோது, அத்தான் டாஷ்போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து அவளுடைய பாதத்தைப் பார்த்தார். அத்தனை நேரமும் அவருக்கு அகப்படாத ஒன்று அகப்பட்டுவிட்ட முகம்.

“இடது கால எடுக்கறப்ப ஒரு நடுக்கம் வருது உனக்கு.”

“எனக்கா?”

“உனக்குத் தெரியாது. பாக்கறவனுக்குத்தான் தெரியும். கிளட்ச்ச ஒரே சீரா விட மாட்டேங்குற. வண்டி என்ன செய்யும், பாவம்.”

“நீங்க ஓட்டறப்பவும் நேத்து ஆஃப் ஆச்சே அத்தான்.”

“நான் உன்னப் பாத்துப் பழகிட்டேன் போல.”

அவர் ஓட்டும்போது அடிக்கடி அணையாததற்குக் காரணம், நிற்கும் இடங்களிலெல்லாம் வலது காலால் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்து வண்டியைக் கத்தவைத்துக்கொண்டே இருந்ததுதான். அந்தக் கால் செய்ததை அவர் கவனிக்கவில்லை. அது அவருடைய கால்.

வீட்டுக்கு வந்ததும் நோய் அறிவிக்கப்பட்டது. அக்கா தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்து, “வைட்டமின் கம்மியா இருக்குமோ?” என்றாள். அதற்குள் அத்தான் ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். அம்மா, சின்னவளுடைய ஒன்றாம் வகுப்பு ஓட்டப் பந்தயத்தை நினைவுபடுத்தி, “அப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துது,” என்றாள். பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்தவள்.

நீங்கள் சிரிக்கலாம். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு காலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் கால் என்ன செய்யும்? நடுங்கத்தான் செய்யும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு காலணிப் பெட்டியை வைத்து, அதைக் கிளட்ச்சாக நினைத்து மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பாதத்தைத்தான் குனிந்து பார்த்தாள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள், நிறுவனத்துக்கு அனுப்ப ஒரு கடிதத்தையும் தட்டச்சு செய்துவிட்டாள்: தவிர்க்க முடியாத உடல்நிலைக் காரணங்களால் உரிமம் பெறத் தாமதமாகும், வேறு ஒருவரை நியமித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. நல்ல கடிதம். பிழை ஒன்றும் இல்லை. அனுப்பும் பொத்தான் மீது விரல் இருந்தபோது கேட் திறந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து அக்கா வந்தாள்.

அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தவள் அக்கா. பன்னிரண்டு வருடமாக ஓட்டுபவள். செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் காலைத் தூக்கி வைத்து, வலது கையால் இடது கணுக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஆஸ்பத்திரி கேட்ல மூணு வாட்டி ஆஃப் ஆயிடுச்சுடி. பின்னாடி ஆம்புலன்ஸ் வேற. எனக்கும் கால்ல ஏதோ வந்திருக்கு போல. குடும்பத்துலயே இருக்குமோ என்னவோ.”

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

சின்னவள் அக்காவின் பாதத்தைப் பார்த்தாள். தன் பாதத்தைப் பார்த்தாள். ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு இடது கால்கள். கடிதத்தை அனுப்பாமல் மூடிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

மேல் மூடிக்கு நான்கு போல்ட்டுதான். பிளக்குகளைக் கழற்றினால் என்ஜின் லேசாகச் சுற்றும் என்று புத்தகம் சொன்னது. இத்தனை முறை கழற்றி மாட்டியதில் அவை தொட்டதும் கையோடு வந்தன. முன்சக்கரத்தைக் கழற்றி, அந்த இடைவெளி வழியாகக் கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி, கடிகாரம் சுற்றும் பக்கமாக இரண்டு முழுச் சுற்று சுற்றினாள். தோள் வலித்தது. கீழ்க் குறி கோட்டில் வந்து நின்றது. எழுந்து போய் மேல் குறியைப் பார்த்தாள். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், நேர் எதிரே வைத்துப் பார்த்தாள்.

ஒரு பல் தள்ளி இருந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதையும் வெளியே விட மூன்று நாள் ஆகும், கையில் அரை நாள்தான் இருந்தது. வியாழக்கிழமை கண்ணாடிக் கடை அரை நாள். அத்தான் புதிதாக ஓர் எலிப்பொறியுடன் வந்து சேர்ந்தபோது, ஷெட்டில் வண்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. சின்னவள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

“யாரு பிரிச்சது?”

“நான்தான். ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன். மேல் குறியப் பாருங்க அத்தான்.”

அவர் இடைவெளியில் நுழைந்தார். தலை பின்னுக்குப் போனது. தாடை மார்பில் இறங்கியது. கண் இடுங்கியது.

“நேராத்தானம்மா இருக்கு.”

சின்னவள் கார்க் கதவைத் திறந்தாள். நடக்க முடியாத வாடிக்கையாளர்களின் வீட்டுக்கே போய்க் காட்டுவதற்காக அத்தான் காரில் எப்போதும் ஒரு மாதிரிக் கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பார். அதைத் திறந்து, ‘கிட்டத்து எழுத்துக்கு, வயது 45–50’ என்று அவரே எழுதி ஒட்டியிருந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். கடையில் அவர் எப்படி நீட்டுவாரோ அப்படியே.

அத்தான் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வீட்டு ஜன்னலைப் பார்த்தார், அக்கா எழுந்திருக்கவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டார்.

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சக்கரத்தைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், பெல்ட்டின் பற்களை ஒவ்வொன்றாக எண்ணினார். தன் நகத்தை, உள்ளங்கை ரேகையை, சட்டைப் பொத்தானில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தார். பல வருடமாகப் பார்க்காத ஊருக்கு வந்து இறங்கியவர் போல இருந்தது அவர் முகம்.

“ம்,” என்றார்.

கை வைத்தவர் இனம் ஒப்புக்கொள்ளும் ஓசை இதுவே. இதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். அடுத்த கணமே பழைய குரல் வந்துவிட்டது.

“புது ரப்பர் இல்லையா, ஓடினதுல இழுத்திருக்கும். சரி, மறுபடி வெச்சுப் பாப்போம். எதுக்கும் அந்தப் பக்கத்தப் படி.”

“நீங்களே படிக்கலாம் அத்தான்,” என்று புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவரே படித்தார். முழுவதும் படித்தார். பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு பல் நகர்த்தி, இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றி, குறி பார்த்து, யாரும் சொல்லாமலே இன்னும் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி பார்த்தார். வெயில் சாயும் நேரத்தில் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. உதறல் இல்லை. ஷெட் சுவரில் தொங்கிய தகரக் குவளைகூட ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சின்னவள் தேர்வுக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி ஏறச் சொன்ன மேட்டில் ஏறினாள், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள், பின்னால் எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே நிறுத்தினாள். வண்டி ஒரு முறைகூட அணையவில்லை. “எத்தனை நாளா ஓட்டறீங்க? கால் நல்லா பேசுது,” என்றார் அதிகாரி. தேறியதாகக் கையெழுத்தும் போட்டார். அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தை வீடு வரைக்கும் பொத்தி எடுத்துக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். அத்தான் பக்கத்தில் இருந்தார். மாதிரிக் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. பாதி வழியில் பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி சத்தமில்லாமல் நின்று ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு மாறுவதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. இதுவரை வாசித்துக்கொண்டு வந்தபோது உங்கள் மனதில் யாருடைய முகம் வந்தது? மாமனார் முகமா? மேலதிகாரி முகமா? வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவரின் முகமா? ‘அப்படியே அவரேதான்’ என்று சிரித்துக்கொண்டு, இதை அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் முனையைக்கூட மடித்து வைத்திருப்பீர்கள். நல்லது. எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டீர்கள். ஒன்றைத் தவிர.

அத்தான் தொண்டையைச் செருமினார். முன்னால் நின்ற லாரியின் நம்பரை, இந்த முறை தெளிவாகத் தெரிந்தது போலும், ஒருமுறை வாய்க்குள் வாசித்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“ஒரு உதவி செய்வியாம்மா? வீட்டுக்குப் போனதும், உன் கால் சரியாயிடுச்சுன்னு அக்காகிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லிடு. அப்படியே… அக்கா காலும் சரியாயிடுச்சுன்னு நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடேன்.”